பூனை செய்த குற்றம்

எங்கள் அடுக்ககத்தின் காவல் ஏற்பாட்டைப் பாராட்டாமல் இருக்க முடியாது. வாசலில் ஓடிபி சொல்லாமல் சொந்த மாமியார்கூட உள்ளே வர முடியாது. ஏழாம் மாடிப் பூனையோ லிஃப்டைக்கூடப் பார்த்ததில்லை. அதன்மேல் தெள்ளுப்பூச்சி என்றதும் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது.

குற்றவாளி பூனைதான் என்று ஒருமனதாக முடிவானது. அதற்கு வாக்குரிமை இல்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இல்லை என்பதால் பாரபட்சம் என்று யாரும் சொல்ல முடியாது. தண்டனை: தினமும் குளியல், தினமும் சீப்பு. பூனைமேல் ஓடும் பூச்சி மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தானாம். மீதியெல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று சோபாவிலும் கம்பளத்திலும் மெத்தையிலும் குடியிருக்கிறது. இருக்கட்டுமே! அகப்பட்டதைப் பிடித்து, படமெடுத்து, வாட்ஸப்பில் போடுவதற்குப் பெயர்தானே நடவடிக்கை. அதற்காகக் காஷ்மீர் கம்பளத்தை மூலை முடுக்கெல்லாம் வேக்குவம் போடுவதா, போர்வைகளை வெந்நீரில் அலசுவதா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்!

நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தே மிச்சமிருக்கிறது, பூனைக்கும் விடலாம் என்றார் பொருளாளர். சிக்கனமான யோசனை. அதிலுள்ள பெர்மெத்ரின் பூனையையே கொன்றுவிடும் என்று கால்நடை மருத்துவர் குறுக்கே புகுந்து கெடுத்தார். போதாக்குறைக்கு, வாசல் தாண்டாத பூனைக்குப் பூச்சி மனிதர்களின் உடையில் தொற்றிக்கொண்டும் வரும் என்றார்.

சங்கம் அறிவியலை மதிக்கும் சங்கம். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: பூனையின் நலன் கருதி, ஏழாம் மாடிக் குடும்பத்தார் வெளியே செல்லத் தடை. பால் பாக்கெட்டைப் பூனை வாங்கி வரலாம். பராமரிப்புக் கட்டணம் வழக்கம்போல ஆன்லைனில்.