கட்டம் போடுகிறவர்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி, லேப்டாப்போடு காபிக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களில் வெள்ளைக்காரர் என்றால் ஆன்மாவைத் தேடுகிறார் என்று அர்த்தம். கொரோனாவில் ஊருக்கு வந்து, சென்னைக்குத் திரும்ப மனசில்லாத ஐ.டி. பையன் என்றால் வை-ஃபையைத் தேடுகிறான். இரண்டிலும் சேராதவர்தான் நம்மவர். அவர் எதையும் தேடுவதில்லை, கட்டம் போடுகிறார். கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி இழுக்கிறார்.

ஓர் ஆன்லைன் கடையின் சாஃப்ட்வேர் எந்தெந்த மாட்யூல்களால் ஆனது, எது எதைக் கூப்பிடுகிறது என்று டாகுமெண்ட் எழுதுவது அவர் வேலை. கடையில் விற்பது அகல்விளக்கு, விபூதி, ருத்ராட்சம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, எம் பேத்திக்கும் ஒரு கட்டம் போட்டுப் பாரேன், செவ்வா எங்க கீதுன்னு" என்று கேட்டிருக்கிறார். நம்மவர் மறுக்கவில்லை. பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் குறித்துக்கொண்டார். இன்புட் கொடுக்கிற ஆளை அவர் தொழிலில் அவ்வளவு எளிதில் பார்க்க முடியாது.

பேச்சுக் கொடுத்தால் 1972க்கு அழைத்துப் போய்விடுவார். டேவிட் பார்னாஸ் அந்த வருஷம் எழுதிய கட்டுரைதான் அவருக்குத் தேவாரம். வேலை நடக்கிற வரிசையைப் பார்த்து புரோகிராமைத் துண்டு போடாதே, நாளைக்கு மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு மாட்யூலுக்குள் ஒவ்வொன்றாக ஒளித்து வை என்பது அதன் சாரம். இதை டீ மாஸ்டரிடமும் விளக்கியிருக்கிறார். "சர்க்கரை எவ்ளோங்கிற முடிவு உங்களோட இருக்கணும் மாஸ்டர், அது எனக்குத் தெரியவே கூடாது." மாஸ்டர் அன்றைக்குச் சர்க்கரையே போடவில்லை.

கடை ஓடுவது மஜெண்டோ என்கிற சாஃப்ட்வேரில். 2008இல் முதல் பதிப்பு வெளிவந்த அதை 2018இல் அடோபி கம்பெனி 168 கோடி டாலருக்கு வாங்கியது. நம்மவர் சொல்லிக் கேட்டால், பணத்தை எண்ணிக் கொடுத்ததே இவர்தானோ என்று தோன்றும். அதில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி ஃபோல்டர். 'என் பெயர் இது, எனக்கு முன்னால் இன்னின்னார் ஏறியிருக்க வேண்டும்' என்று ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பில் அதுவே எழுதி வைத்திருக்கும். கேட்டலாக், செக்அவுட், ஷிப்பிங், ஸ்டாக் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் தயார். எதற்கு எந்த நிறம் என்று முடிவு செய்வதில்தான் ஆடி மாதம் முழுக்கப் போனது.

அவருக்கு ஆகாதது வட்டம். கேட்டலாக் ஸ்டாக்கைக் கேட்கும், ஸ்டாக் ஆஃபரைக் கேட்கும், ஆஃபர் திரும்பவும் கேட்டலாக்கிடமே வந்து நிற்கும். 'சர்குலர் டிபெண்டன்சி' என்று தலையில் கை வைத்துவிடுவார். பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, அஷ்டலிங்கமும் கும்பிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறவர் சொல்கிறார் இதை.

சைமன் பிரவுன் வகுத்த சி4 முறைப்படி படத்துக்கு நாலு அடுக்கு. முதல் அடுக்கில் கடையும் அதைச் சுற்றியிருப்பவர்களும் மட்டும் தெரிவார்கள். நாலாவதற்கு இறங்கினால் புரோகிராம் கோட் வரை தெரியும். நம்மவர் மூன்றாவதில் கால் வைக்கும்போது கார்த்திகை பிறந்துவிடும்.

கார்த்திகையில்தான் கடைக்குச் சோதனை. பத்து நாள் உற்சவம், கடைசி நாள் மாலை 2668 அடி மலை உச்சியில் மகாதீபம். அதற்குள் வீட்டுக்கு அகல் வந்து சேர வேண்டும் என்று ஊரெல்லாம் ஆர்டர் போடுகிறது. போன தீபத்துக்குப் பணம் விழுந்தது, பார்சல் சீட்டு மட்டும் விழவில்லை. எல்லோரும் நம்மவரின் டாகுமெண்ட்டைத் திறந்தார்கள். ஷிப்பிங் கட்டத்துக்குள் ஒரே ஓர் அம்பு, நேராக, அழகாக நுழைந்தது. கடைசியில் வழி சொன்னவன் கோடவுனில் பார்சல் கட்டுகிற தம்பி.

"ண்ணா, கூப்பன் போட்ட ஆர்டர் மட்டும் வேற ஸ்டேட்டஸ்ல வுழும். ஷிப்பிங்குக்கு அந்தப் பேரு தெரியாது. முன்ன இருந்தவரு டேபிள்லயே நேரா கைய வெச்சிட்டுப் பூட்டாரு."

மறுநாள் காலையில் கூப்பனுக்கும் ஷிப்பிங்குக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு முளைத்திருந்தது. கீழே விளக்கம்: 'புள்ளிக்கோடு - வரலாற்றுக் காரணங்கள்.'

வரலாற்றை எப்படி எழுதுவது என்று பார்க்க அவர் தூரமாகப் போக வேண்டியதில்லை. அண்ணாமலையார் கோயில் ஒரே நாளில், ஒரே ஆள் போட்ட பிளான்படி எழுந்ததல்ல. 217 அடி ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கியது. வடக்குக் கோபுரம் அம்மணி அம்மாள் வீடு வீடாகப் பணம் திரட்டி எழுப்பியது. கோயில் கல்வெட்டு என்றால் எந்த ராஜாவின் எத்தனையாவது ஆண்டு, கொடுத்தது யார், எந்த விளக்குக்கு, எத்தனை ஆடு, நெய் அளக்க வேண்டியது யார் என்று வெட்டியிருக்கும். இதில் கைவைக்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் பல கல்வெட்டுகள் முடியும். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து, இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு வெட்டி வைத்தார்கள். சர்வர் மாற்றும்போது நம் ஆட்கள் முதலில் தொலைப்பது இந்தக் குறிப்பைத்தான்.

இதை அவரிடம் சொன்னேன். கண் கலங்கிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் கோயிலுக்கே கட்டம் போட்டு எடுத்து வந்தார். ஆயிரங்கால் மண்டபம் ஒரு பெரிய கட்டம். அதற்குள் பாதாள லிங்கம், சாம்பல் நிறத்தில்: 'பழைய பதிப்பு, தொட வேண்டாம்.'

கோடவுன் தம்பிக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, தையில் போகிறான். சார், அதற்குள் அந்தப் புள்ளிக்கோட்டுக்குப் பக்கத்தில் யார், எப்போது, ஏன் என்று மூன்று வரி எழுதிவிடுங்கள். எந்த நிறத்தில் வேண்டுமானாலும் எழுதுங்கள். காராம்பசுவையும் சேர்த்துக்கொண்டால் ரொம்ப நல்லது.