புதுப்பியல்: பரபக்கமும் சுபக்கமும்

பிரவுசரின் வலப்பக்க மேல் மூலையில் நிறம் மாறக் கண்ட ஒருவர், புதிய பதிப்புக்குப் போவதா, இருப்பதிலேயே இருப்பதா என மயங்கும் மயக்கமே இவ்வாய்வின் பொருள். கைபேசி இதில் அடங்காது. அங்கே இரவில் சார்ஜ் ஏறும்போதே யாரையும் கேட்காமல் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஐயத்துக்கு இடமுள்ளது கணினியில்தான். பிறர் மதம் கூறி மறுத்துப் பின் தன் மதம் நிறுவும் நெறியில், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் எனப் பகுத்தார். அந்நெறியே இங்கும் கொள்ளப்படுகிறது. அவர் எதிர்கொண்ட வாதிகள் எதிர்வாதமாவது செய்தார்கள்; நம்முடையவர்கள் ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

முதற்கண் நிறம். குரோமில், பதிப்பு வந்து இரண்டு நாளுக்குள் பச்சை, நான்கு நாளளவில் ஆரஞ்சு, ஒரு வாரம் போனால் சிவப்பு என்பது வகுத்த முறை. பச்சையைக் கவனிப்பார் இலர். ஆரஞ்சைக் கவனிப்பவர் அது அழகுக்கு வைத்தது என்று நினைக்கிறார். சிவப்பு என்றால் நில் என்று ஒன்றாம் வகுப்பில் படித்தவரிடம் சிவப்பைக் காட்டிக் கிளம்பு என்றால் எப்படிக் கிளம்புவார்? நிற்கிறார். வாரக்கணக்கில் நிற்கிறார். இது நிறம் தேர்ந்தவரின் குற்றமேயன்றி நின்றவரின் குற்றமன்று என்க.

இனிப் பரபக்கம். பச்சை கண்ட கணமே அழுத்துபவர் உடன்வாதி. ஐயமே இல்லாத ஒருவரை வைத்துக்கொண்டு ஆய்வு நடத்த இயலாது. அவரை விடுக.

புள்ளிவாதி அப்படிப்பட்டவர் அல்லர், நூல் கற்றவர். “சைபர் வந்ததும் போடாதீங்க சார், பாயிண்ட் ஒன் வரட்டும்” என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் காட்டும் மேற்கோள் வலுவானது. 2012 அக்டோபர் 9 அன்று பயர்பாக்ஸ் 16 வெளிவந்தது. பயனர் போய்வந்த பக்கங்களைக் கெட்ட எண்ணமுள்ள ஒரு தளம் அறிந்துகொள்ளக்கூடிய ஓட்டை அதில் இருப்பது தெரிந்து, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள், வேண்டுமானால் 15.0.1-க்கே திரும்பிப் போகலாம் என்றார்கள். 11-ஆம் தேதி 16.0.1 வந்தது. புள்ளிவாதி அன்று அடைந்த மகிழ்ச்சியை இன்றுவரை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அற்றன்று. முதல் பந்தியில் யாரோ உட்கார்ந்து சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னதால்தான் இரண்டாம் பந்திக்கு உப்புப் போட்ட சாம்பார் வந்தது. ஊரார் அனைவரும் இரண்டாம் பந்திக்கே காத்திருந்தால் பாயிண்ட் ஒன் பிறக்க வழியில்லை. ஆகவே புள்ளிவாதம் உடன்வாதியின் தலையில் ஏறி நிற்கும் வாதம், தனித்து நில்லாது. மேலும், ஒன்றும் செய்யாமல் இருப்பதே காப்பு என்னும் அவர் நம்பிக்கையும் 2019 மே 4 அன்று பொய்த்தது. கூடுதல் வசதிகளின் நம்பகத்துக்குச் சான்று தரும் சான்றிதழ் ஒன்று காலாவதியாக, பயர்பாக்ஸ் வைத்திருந்தோர் பலருக்கும் விளம்பரத் தடுப்பான் முதலானவை ஒருசேரச் செயலிழந்தன. அதற்கான மருந்தும் 66.0.4 என்னும் புதுப்பதிப்பாக வந்தது என்பதைப் புள்ளிவாதி தம் மேற்கோள்களில் சேர்ப்பதில்லை.

எண்ணைக் கண்டு அஞ்சுபவரும் உளர். எண்ணில் பொருளில்லை என்பதற்கு நெட்ஸ்கேப் சான்று: 4-க்குப் பின் 2000-இல் நேரே 6-க்குத் தாவியது. பயர்பாக்ஸ் 1.0 வந்தது 2004 நவம்பரில். 4-ஐ எட்ட ஆறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதன்பின் ஆறு வாரத்துக்கொரு பதிப்பு என்று ஓடத் தொடங்கிப் பதினோராண்டில் 100-ஐத் தொட்டது. இதில் ஓபராவின் கதைதான் உருக்கமானது. 2009-இல் அதற்கு வயது 10 ஆனபோது, பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து, வந்திருப்பது பதிப்பு 1 என்று முடிவுகட்டின. எனவே 10 ஆன பிறகும் அது எல்லாரிடமும் தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டது. வயதைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் மென்பொருளுக்கும் உண்டு என்பது இதனாற் பெறப்படும். 2022-இல் குரோமும் பயர்பாக்ஸும் மூன்றிலக்கம் ஆகப்போனபோது இதே அச்சம் மீண்டது. இரு வீட்டாரும் முன்னதாகவே சோதித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

தொல்பதிப்புவாதியை மட்டும் எள்ள மனம் வரவில்லை. 2017 நவம்பர் 14 அன்று வந்த பயர்பாக்ஸ் 57, பழைய முறையில் எழுதிய கூடுதல் வசதிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கைவிட்டது. வேகம் கூடியது உண்மை. ஆனால் ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்து, தம் கைக்கு ஏற்பப் பழக்கிவைத்த பட்டறை அது. 56-இலேயே உட்கார்ந்துவிட்டவரைச் சோம்பேறி என்பது அநீதி. இவர்க்குத் துறவு வாழ்க்கையும் உண்டு. 2012-இல் பதிப்பு 10-உடன் தொடங்கிய, பயர்பாக்ஸின் நீள்ஆதரவுப் பதிப்பான ஈஎஸ்ஆர் என்னும் மடத்தில் சேர்ந்தால், ஏறத்தாழ ஓராண்டுக்குத் தோற்றம் மாறாது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். விண்டோஸ் 7 வைத்திருப்போர் வேறு இனம். குரோம் அவர்களுக்கு 109-உடன் கதவடைத்தது. அவர்கள் வேண்டாம் என்றவர்கள் அல்லர், கிடையாது என்று சொல்லப்பட்டவர்கள்.

அலுவலகவாதி 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இன் பிள்ளை. 7 வர 2006 ஆயிற்று. ஐந்தாண்டு ஐயமே எழாத பொற்காலம்! அக்காலத்தில் அந்த ஒன்றுக்கென்றே எழுதிய அலுவல் மென்பொருள்கள் பின்னும் நெடுநாள் வாழ்ந்தன. எக்ஸ்புளோரரை 2022 ஜூனில் ஓய்வுபெறச் செய்த பிறகும், எட்ஜ் பிரவுசருக்குள் அதன் ஆவியைக் குடியிருத்தி, 2029 வரையிலேனும் காப்போம் என்று மைக்ரோசாப்ட் உறுதி கூறியிருக்கிறது. “இந்த டெண்டர மட்டும் ஐஇ-ல தொறங்க சார்” என்ற குரலுக்கு இவ்வளவு ஆயுள்.

அப்படியானால் புதுப்பதிப்பால் தமிழர் கண்ட பயன் யாதோ எனின், ஒன்று சொல்லலாம். விண்டோஸில் பயர்பாக்ஸ் 2 ஓடிய காலத்தில், இரு ஓரமும் நேராக வரும்படி அடுக்கிய தமிழ்ப் பக்கம் அதில் உதிர்ந்து கிடக்கும். கொம்பு ஓரிடம், மெய் ஓரிடம், கால் ஓரிடம். எழுதுவோரிடம் ஓரம் நேராக்காதீர்கள் என்று வாசகர்கள் மன்றாடினார்கள். 2008 ஜூன் 17 அன்று வந்த 3 அதைச் சரிசெய்தது. ஒரே நாளில் 80,02,530 முறை இறக்கப்பட்டுக் கின்னஸில் இடம்பெற்ற பதிப்பு அது. உலகத்தார் சாதனைக்காக இறக்கினார்கள்; தமிழர் கொம்பும் காலும் ஒட்டவேண்டி இறக்கினார்கள். பதிப்பை மாற்றுவதா என்று உட்கார்ந்து யோசித்து, காரணத்தோடு முடிவெடுத்த கடைசிக் காலம் அதுவாகவே இருக்கக்கூடும்.

இனிச் சுபக்கம். இன்று அம்முடிவு நம் கையில் இல்லை. நாம் மயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு ஓசையின்றி இறங்கிக் காத்திருக்கும். மூலையிலிருந்து கேட்பது ஒன்றே: ஒருமுறை மூடித் திற. ஆகவே மேற்கூறிய வாதங்கள் யாவும் நடந்துமுடிந்த காரியத்தைப் பற்றியவை. இருந்தும் மூட மறுக்கிறோம். காரணம், திறந்து கிடக்கும் டேப்கள். பாதி படித்த கட்டுரை, வாங்கலாமா என்று வைத்த குக்கர், ரயில் டிக்கெட்டின் காத்திருப்போர் நிலை. ஒருவர் புதுமையை எதிர்க்கும் வேகம் அவர் திறந்துவைத்த டேப்களின் தொகையோடு ஒத்து ஏறும் என்பது இவ்வாய்வின் துணிபு.

இதில் ஆபத்து இல்லையோ எனின், உண்டு. குரோமின் அடிப்படை நிரல் திறந்த நிரல். ஓர் ஓட்டையை அடைத்தால், அடைத்த இடம் ஊரறியத் தெரியும். அதைப் பார்த்துக் கள்வர் ஓட்டையைக் கண்டுகொள்வர். ஆதலால் திருத்தம் எழுதியதற்கும் நாம் மூடித் திறப்பதற்கும் இடைப்பட்ட நாட்களே பொல்லாதவை. அந்த இடைவெளியைச் சுருக்கத்தான் 2023 ஆகஸ்டில் வந்த 116 முதல் பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் அனுப்புகிறார்கள். அவர்கள் சுருக்கியதை நாம் ‘பிறகு’ என்று நீட்டிக்கொடுக்கிறோம்.

டேப்கள் போய்விடுமே என்பார்க்கு விடை: போகா. மூடித் திறந்ததும் எல்லா டேப்களும் இருந்த இடத்தில் வந்து நிற்கும் என்று குரோம் வாக்களிக்கிறது. மறைமுறைச் சாளரங்கள் மட்டுமே விலக்கு, அவை மீளா. எனவே இவ்வளவு விளக்கியபின்னும் ஒருவர் இப்போது முடியாது என்று உறுதியாகச் சொன்னால், ஏன் என்று மேலும் வினவுவது ஆய்வு மரபன்று என விடுக.