டெங்கு ஒருமுறை வந்தால் போதுமா?

கே: 2017இல் டெங்கு வந்து பிழைத்தவன் நான். இனி வராதுதானே? (கிண்ணியா)

ப: அதே வகை வராது. டெங்கு வைரசில் நான்கு வகை. அந்த ஆண்டு நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் தொற்றி, உங்கள் கிண்ணியாவையும் உலுக்கியது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதற்கான பிறபொருளெதிரியை உடல் ஆயுளுக்கும் வைத்திருக்கும். மற்ற வகைகளுக்குச் சில மாதக் காவல்தான்.

கே: இரண்டாம் முறை இன்னும் கடுமையாம். ஏன்? (மூதூர்)

ப: பழைய பிறபொருளெதிரி புதிய வகையிலும் போய் ஒட்டும், முடக்கும் அளவுக்குப் பொருந்தாது. பிறபொருளெதிரி ஒட்டியதை விழுங்குவது தின்குழியத்தின் வேலை. மற்றக் கிருமியென்றால் உள்ளே செரித்துவிடும். டெங்கு வைரசோ அதற்குள்ளேயே பெருகும். காவற்காரனே கள்ளனைக் கைபிடித்துக் கூட்டிப்போன கதை. பிறகு எதிர்ப்புக் கலங்கள் கொட்டும் இரசாயனங்களால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்த அழுத்தம் சரியும். உயிருக்கு உலை வைப்பது அந்தக் கசிவே. தடுப்பூசியும் முதல் தொற்றுப்போல் ஆகிவிடலாம்: பிலிப்பைன்சில் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி போட்ட பிறகு, முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவிக்க வேண்டி வந்தது.

கே: காய்ச்சல் விட்டுவிட்டது. துறைமுக வேலைக்குப் போகலாமா? (திருகோணமலை)

ப: போகாதீர்கள். கசிவு தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான். பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், இதில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

கே: பப்பாசி இலைச் சாறு?

ப: அதை நம்பிப் பிந்தாதீர்கள். பெனடோல் அளவோடு போதும். இபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் தொடவே வேண்டாம்.

கே: மலேரியாவை ஒழித்த நமக்கு டெங்கை ஏன் முடியவில்லை? (உப்புவெளி)

ப: உள்நாட்டு மலேரியா 2012உடன் நின்றது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. மலேரியாவுக்கு மருந்து உண்டு, நோயாளியைக் குணமாக்கினால் பரவலும் அறும். டெங்கு வைரசைக் கொல்ல இன்னும் மருந்தில்லை. அதன் நுளம்போ நம் வாளியிலும் சிரட்டையிலும் பழைய டயரிலும் வளர்கிறது. உட்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாடைக்காற்று மழைக்கு முன், தொட்டித் தண்ணீரை ஊற்றிவிடுவதோடு நிற்காமல் உட்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள்.