தொப்புளுக்கு விடுதலை

கேள்வி: சந்தையிலிருந்து திரும்பும்போது தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் லேசாகப் பல்லைப் பதித்துவிட்டது. 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள்' என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் மிரட்டுகிறார். மிளகாய்ப் பொடி வைத்துக் கட்டினால் போதாதா?
- வாசகர், வடமதுரை

பதில்: மிளகாய்ப் பொடியை மீன் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் சொல்வது பொய் இல்லை, பழைய கதை. டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கிய அந்த மருந்தை ஆட்டு மூளையிலிருந்து எடுத்தார்கள். 1907-ல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிலையமும் அதைக் காலங்காலமாகத் தயாரித்தது. சிலருக்கு அதுவே நரம்புக் கோளாறைக் கொடுத்ததால் கைவிட்டார்கள். இப்போது கையில் நாலைந்து ஊசி, அவ்வளவுதான்.

ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் ஓடாது. நரம்பைப் பிடித்து மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். கடித்த பிறகு போட்டாலும் தடுப்பூசி முந்திக்கொள்வது இந்த மந்தத்தால்தான். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

முதலில் குழாயடியில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். அந்த வைரஸின் மேலுறை கொழுப்பு. சோப்பு அதைக் கரைத்துவிடும். 'லேசாக' என்கிறீர்களே, ரத்தம் வந்ததா? வந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் போடுவார்கள்.

அது சரி, கடிபட்டவர் பத்திரிகைக்கா கடிதம் எழுதுவார்? அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். எங்களுக்கு அஞ்சல் தலையாவது செலவு!