மூக்கால் குடிப்பவர்

ஊருக்கு ஊர் ‘ஒயின்ஷாப்’ என்கிறோம். ஆனால் அங்கே போய் ஒயின் கேட்பவரைத்தான் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். நம் நண்பர் அப்படிப் பார்க்கப்பட்டவர்.

ஆபீஸ் பார்ட்டியில்தான் முதல் கோப்பை. “காடி மாதிரி புளிக்குது சார்” என்று அன்று என் காதோடு சொன்னார். மூன்றே மாதத்தில் ஆள் மாறிவிட்டார். இப்போது கோப்பையைக் காம்பில்தான் பிடிக்கிறார்; மேலே தொட்டால் கைச்சூடு ஏறிவிடுமாம். பிறகு சுழற்றுவார். அவர் எந்தப் பாடத்தில் இருக்கிறார் என்பதைச் சட்டையில் உள்ள செம்புள்ளிகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். அதன்பின் மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவார். அந்த ஆலாபனை முடிவதற்குள் நாம் சுண்டல் தட்டைக் காலி செய்துவிடலாம்.

“கருப்புத் தோல், ஓக் மரம், பிளாக்கரண்ட்…” என்று வாசனைகளை அறிவிப்பார். பிளாக்கரண்டை அவர் ஐஸ்கிரீமில் தவிர வேறெங்கும் சந்தித்ததில்லை.

கண்ணாடியில் வழியும் கோடுகளுக்குக் ‘கால்கள்’ என்று பெயராம். ஓட்டலில் கோப்பையைத் தூக்கி, “என்ன அழகான கால்!” என்றார். பக்கத்து மேசை அம்மா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆல்கஹால் ஆவியாகும் அவசரத்தில் விழும் கோடு அது, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றால் கேட்கமாட்டார்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கவேண்டும் என்பது வேதவாக்கு. வேதம் சொன்ன அறை ஐரோப்பியக் கல்வீடு. 16 முதல் 18 டிகிரி. இவர் அறை சித்திரை மாத மயிலாப்பூர். ஃப்ரிட்ஜ் மேல் வைத்த பாட்டில் கஷாயச் சூட்டில் இறங்கியது. “நல்ல பாடி” என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

கேலி செய்தால் அரிக்கமேட்டைத் துணைக்கு அழைப்பார். “யவனர் ஒயின் குடிச்ச பரம்பரை சார் நாம!” 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய ஜாடித் துண்டுகள் கிடைத்தது உண்மைதான். அந்த ஜாடிகளில் ஆலிவ் எண்ணெயும் மீன் ஊறலும்கூட வந்தன. அந்தப் பரம்பரைக்கு மட்டும் அவர் உரிமை கோருவதில்லை.

நானும் ஒரு கதை சொன்னேன். பிரான்சின் போர்தோவில், வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து 54 ஒயின் படிப்பு மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனையாகவே எழுதினார்களாம். நண்பர் அசரவில்லை. “மாணவங்கதானே?” என்றார், மூன்று மாத சீனியாரிட்டியுடன்.

போன வாரம் அவர் வீட்டில் மின்வெட்டு. விவரம் தெரியாமல் மனைவி ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்த பாட்டில். இருட்டில் லேபிள் தெரியவில்லை, கால் தெரியவில்லை, சுழற்றினால் எதிரில் இருந்த எனக்கும் தெரியாது. சும்மா ஒரு வாய் குடித்தார்.

“அட! நாவல்பழம் சார்! ஸ்கூல் வாசல்ல உப்புப் போட்டுத் தருவாளே ஒரு பாட்டி… அதே துவர்ப்பு!”

கரண்ட் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார், தொண்டையைச் செருமினார்.

“அதாவது, பிளாக்கரண்ட்.”

நாக்கு மட்டும் ஊதாவாக இருந்தது.