குடவாசல் வட்டாரத்து அம்பாசிடர்களின் மேற்பூச்சு: ஓர் அடுக்கியல், செலவியல் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

இந்த ஆய்வின் களம் கும்பகோணம்–திருவாரூர் சாலையில் குடவாசலை நடுவாக வைத்து, டிங்கர் பட்டறையின் சுத்தியல் சத்தம் கேட்கும் தூரம் வரை. ஆய்வுப் பொருள், 1957 முதல் 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்து விற்ற அம்பாசிடர் கார். எஞ்சின், கியர், பிரேக் ஆகியவை ஆய்வின் எல்லைக்குள் வாரா. வண்டி ஓடுமா என்பதும் நமக்கு முக்கியமன்று. பெயின்டுக்கு வரும் அம்பாசிடர்களில் சில பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வரப்படுபவையே. மேற்பூச்சு ஒன்றே இங்கு ஆராயப்படுகிறது.

குடவாசலைத் தேர்ந்தது ஏன் எனின், காத்திருத்தல் பற்றிய பழைய ஆவணம் இவ்வூருக்கு உண்டு. சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டு, உடனே கிடைக்காமல் பிறகு கிடைத்ததால் அதைக் குடிக்காமலே உயிர்விட்டான் என்கிறது புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குரிய பழங்குறிப்பு. கேட்டது கேட்ட நேரத்தில் வராமை இங்கே இலக்கியச் சான்றுள்ள மரபு. இன்று பட்டறை வாசலில் நிற்கும் கார்க்காரர்களுக்குத் தண்ணீர் கேட்டால் டீயே வந்துவிடுவதால் அவர்கள் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். இதை வரலாற்று வளர்ச்சி என்க.

கருதுகோள் பின்வருமாறு: பழைய காருக்குப் பெயின்ட் அடிக்கும் செலவில் பெரும்பகுதி, ஏற்கெனவே அடித்து வைத்திருப்பதை எடுப்பதற்கே ஆகிறது.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி எஸ்.கே. கோவிந்தசாமி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவர், தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் கண்டறிந்தார். அவர் பார்த்தது சுவர், நாம் பார்ப்பது மட்கார்டு, முறை ஒன்றே. மேலே இருப்பது பிந்தியது, கீழே இருப்பது முந்தியது, மேலே அடித்தவர் கீழே அடித்தவரைக் கலந்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் தொல்லியல் துறை நாயக்கர் அடுக்கைச் சிதையாமல் பிரித்தெடுத்துத் தனிப் பலகையில் பதித்து வைத்தது. குடவாசல் வட்டாரத்தில் மேலடுக்கைப் பிரித்து மாட்டும் வழக்கம் இல்லை. அது தூளாகி மேஸ்திரியின் புருவத்தில் படிகிறது.

மேனாட்டு ஆய்வுகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஃபோர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை தன் ‘டி’ மாடல் கார்களைக் கறுப்பில் மட்டுமே விற்றது. இதனால் என்ன நிறம் அடிப்பது என்ற குடும்பச் சண்டை அமெரிக்காவில் பதினோரு ஆண்டுகள் ஒத்திவைக்கப்பட்டது. அக்காலத்து வண்ணப் பூச்சுகள் காய வாரக் கணக்கானது. 1923-இல் டூபான்ட் நிறுவனம் டூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் 1924ஆம் ஆண்டு ஓக்லண்ட் கார்களுக்கு நீல நிறத்தில் அடித்தது. காய்வதற்கான வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. அமெரிக்காவில் அப்படி மிச்சமான வாரங்கள் கப்பலேறி நம் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன என்பது இவ்வாய்வின் துணைக் கருதுகோள்.

3. எஸ்டிமேட் குறித்த அளவையியல்

சைவ சித்தாந்தம் உண்மையை அறியக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைக் கொள்ளும். பழைய காரின் உடம்பை அறியவும் இவையே போதும்.

உரையளவை: விற்றவரின் சொல். “டாக்டர் வெச்சிருந்த வண்டி சார், பெயின்ட் கம்பெனில அடிச்சது.” உரையை ஏற்க வேண்டுமானால் சொல்பவர் பற்றற்றவராக இருத்தல் வேண்டும். விற்பவர் பற்றுடையார் ஆதலின் இது தள்ளப்பட்டது.

காட்சியளவை: கண்ணால் பார்த்தல். தண்ணீர் விட்டுக் கழுவிய கார் சாயங்கால வெயிலில் நன்றாகவே தெரியும். எல்லாக் காரும் அப்படித்தான் தெரியும் என்பதால் இதனாலும் பயனில்லை.

கருதலளவை: விரல் முட்டியால் தட்டிப் பார்த்தல். தகடு கணீர் என்னும், பட்டி தப்பென்று அடங்கும். ஐயம் நீங்காவிடில் காந்தத்தை ஒட்டிப் பார்க்கலாம். அது வழுக்கி விழும் இடத்தில் தகடு துருவேறிப் போயிருக்கும், அல்லது தகட்டின் மேல் பட்டி சப்பாத்தி கனத்துக்கு ஏறியிருக்கும். இரண்டும் ஒரே செலவுத் தலைப்பில் வரும்.

மூன்றளவையும் முடிந்தபின் நிகழும் உரையாடல், பட்டறை எதுவாயினும் பெரிதும் மாறுவதில்லை.

“என்னப்பா, மொத்தம் எவ்வளவு ஆவும்?”

“சுரண்டிப் பாத்தாத்தாண்ணே சொல்ல முடியும்.”

“ஒரு குத்துமதிப்பா சொல்லேன்.”

“குத்துமதிப்பா சொன்னா இப்ப சந்தோசப்படுவீங்க. சுரண்டுனப்புறம் நாந்தான் ஏமாத்துனேம்பீங்க. எதுக்குண்ணே?”

இதில் சூது ஒன்றும் இல்லை. தரவு கைக்கு வருமுன் முடிவு சொல்ல மறுக்கும் நேர்மை, பல ஆய்வேடுகளில் காணக் கிடைக்காதது.

4. அடுக்குகள்

ஆதாரத்துக்கு ஒரு வண்டியின் இடது முன் மட்கார்டை எடுத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலம் ஒரு திட்டு. மேஸ்திரி 120ஆம் நம்பர் எமரித் தாளைத் தண்ணீரில் தோய்த்து வட்டமாகத் தேய்க்கிறார். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வளையம் வளையமாக நிறங்கள் எழுகின்றன. முதலில் வெள்ளை. அடுத்து சர்ஃபேசரின் சாம்பல். பிறகு வேறொரு வெள்ளை, சற்றே மஞ்சள் பாரித்தது. பிறகு கறுப்பு. அதன்கீழ் பட்டி, ரெட் ஆக்சைடு, எல்லாம் கடந்து நடுவில் காசளவு தகடு.

இதற்குக் காலம் கணிப்பது எளிது. மேல் வெள்ளை, பழைய வண்டி என்று பெருமையாகச் சொல்லும் இன்றைய உரிமையாளரின் காலம். மஞ்சள் பாரித்த வெள்ளை, அம்பாசிடர் வெள்ளையாக வந்து நின்றால் தாசில்தாரோ எம்.எல்.ஏ.வோ என்று தெருவே எழுந்து நின்ற காலம். கறுப்பு, மஞ்சள் கூரையோடு டாக்ஸி ஸ்டாண்டில் உழைத்துச் சம்பாதித்த காலம். டிக்கி மூடியில் தேய்க்கும்போது, முன்பு ஒட்டியிருந்த வேலின் வடிவம் நிழலாகத் தெரிந்து, அடுத்த தேய்ப்பில் மறைந்தது. ஸ்டிக்கரைச் சரியாக எடுக்காமல் மேலேயே அடித்தவரின் அவசரம் இத்தனை காலம் பக்தியாக நிலைத்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரிந்த அடுக்குகளைவிடத் தெரியாத இடங்களே ஆய்வாளருக்குச் செலவு வைப்பவை. பின் கண்ணாடியின் பீடிங் ரப்பரை உருவினால் அடியில் துரு. ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் துரு. கதவின் அடிவிளிம்பில் துரு. கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. அவற்றில் மண்ணும் வைக்கோல் தூசியும் அடைந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கித் தகட்டை அரிக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வரவேண்டும், வாய்க்காலைத் தூர் வாரு என்று ஆண்டுதோறும் மறியல் செய்கிற ஊரில், இந்தத் துளைகளைத் தூர் வார ஒருவருக்கும் தோன்றாதது சமூகவியலார் ஆராயவேண்டியது. விளைவு, அழுகிய பகுதியை வெட்டி, புதுத் தகடு வைத்து, வெல்டு அடித்து, சுத்தியலால் தட்டிச் சமன் செய்வது. மேஸ்திரி பெயின்ட் டப்பாவைத் திறக்க இன்னும் வெகுநாள் இருக்கிறது.

5. காலநிலை

ஆய்வுக்களம் நெல் விளையும் பூமி. அது பெயின்டுக்கு ஏற்றதன்று.

ஐப்பசி, கார்த்திகையில் காற்றெல்லாம் ஈரம். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டில் தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பளபளக்க வேண்டிய பூச்சு பாலாடை போல வெளுத்துப் பூத்துவிடும். தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் கிளப்பும் பதர்த் தூசி, ஈரம் காயாத பானெட்டைத் தேடி வந்து உட்காரும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பது வழக்கம். தண்ணீர் வந்து நடவு முடிந்தால் விளக்கு வெளிச்சத்துக்குப் பச்சைத் தத்துப்பூச்சி வரும். கிளியர் கோட்டில் சிக்கிய பூச்சியைக் குண்டூசி முனையால் எடுத்தாலும், ஆறு கால்களின் தடம் அங்கேயே நிற்கும். இடையில் அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று வேறு.

கழித்துப் பார்த்தால் பங்குனி முதல் வைகாசி வரையே மிச்சம். அதிலும் பனி விலகியபின், காற்று எழும்புமுன் உள்ள காலை நேரம். ஸ்ப்ரே பூத் இல்லாத பட்டறையில் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, நான்கு பக்கமும் பழைய சேலைகளைக் கட்டி அடிக்கிறார்கள். பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்டில் ஹார்ட்னரைக் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் அடித்தே ஆகவேண்டும், இல்லையேல் டப்பாவிலேயே இறுகிவிடும். பட்டறையில் கெடு தவறாத பொருள் இது ஒன்றே.

6. செலவியல்

கடைசியில் காரின் மேல் ஏறும் வண்ணம் மூன்று நான்கு லிட்டர்தான். பில்லில் அது ஒரு வரி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளே பில்லை நீளமாக்குகின்றன: தகடு, வெல்டிங், பட்டி, பிரைமர், சர்ஃபேசர், தின்னர், மாஸ்கிங் டேப், 120-இல் தொடங்கி 2000 வரை ஏறும் வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேய்க்கும் கைகளின் கூலி. கருதுகோள் நிறுவப்பட்டது.

இத்துடன் தொடர்செலவு ஒன்று உண்டு. புது அங்கி ஒன்று கைக்கு வந்தபின் தன் பழைய நாற்காலியும் மேசையும் மட்டமாகத் தெரியத் தொடங்கியதைப் பிரெஞ்சு அறிஞர் தீதரோ 18ஆம் நூற்றாண்டிலேயே கட்டுரையாக எழுதிவிட்டார். உடம்பு பளபளத்ததும் பம்பர் மங்கலாகத் தெரிகிறது. பம்பருக்கு முலாம் பூசியதும் சீட் கிழிசல் கண்ணில் படுகிறது. சீட்டைத் தைத்ததும், இவ்வளவு செய்தபின் வண்டி ஓடினால் என்ன என்ற ஆசை பிறக்கிறது. எஞ்சின் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று முன்பே சொல்லப்பட்டது.

இவ்வளவு செலவு தகுமா எனின், 2017-இல் பிரான்சின் பூஜோ நிறுவனம் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதில் ஒரு மட்கார்டுகூடச் சேர்த்தியில்லை. பெயருக்கே அவ்வளவென்றால் உடம்புக்குக் கேட்பது கொஞ்சம்தான் என்பது மேஸ்திரி தரப்பு வாதம். மறுப்பதற்கில்லை.

7. அரசும் நிறமும்

காரின் நிறம் ஆர்.சி.யில் எழுதப்பட்டிருக்கும். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி, ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 5,000 ஆக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 2021ஆம் ஆண்டு விதிப்படி ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வாங்கலாம், கட்டணம் ரூ. 20,000. அந்த நம்பர் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு, தொழில்நுட்ப ஆய்வு ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். இதுபோன்ற கட்டுரைகளின் தேவை இதனால் பெருகும் என்று நம்ப இடமுண்டு.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று: பழைய கார் வாங்குவோர் சட்டைப்பையில் காந்தம் வைத்துக்கொள்க.

இரண்டு: கறுப்பும் அடர் நிறங்களும் தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும், வெள்ளை மறைத்துக் காப்பாற்றும். கையில் பணம் குறைவெனில் வெள்ளையே அடிக்க. ஆர்.சி.யும் வெள்ளை என்றிருந்தால் இரட்டை லாபம்.

மூன்று: கதவின் வடிகால் துளைகளை ஆண்டுக்கொருமுறை தூர் வாருக. குச்சி போதும், மறியல் வேண்டாம்.

நான்கு: இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டில்லை. பி.யு. பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவியும் துளியும் மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். மேஸ்திரி மூக்கில் கட்டியிருக்கும் ஈரத்துண்டு அதைத் தடுக்காது. நல்ல காற்று குழாய் வழியே வரும் முகமூடிதான் சரியான காப்பு. அதற்கு வழியில்லாத பட்டறையில், ரசாயன ஆவிக்கென்றே வடிகட்டி பொருத்திய முகமூடியாவது இருக்கவேண்டும். முலாம் பூசிய பம்பருக்கும் தைத்த சீட்டுக்கும் இடம் கொடுத்த எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி இருக்காது. காரைப் பட்டறையில் விடும் நாளிலேயே நீங்கள் அதை வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.