தூக்கத்துக்கு விலக்கு

விமானிப் பஞ்சத்தைத் தீர்க்க டெல்லி கண்டுபிடித்த வழியை பேச்சிப்பாறையிலிருந்தே கைதட்டி வரவேற்கிறேன்.

விமானிக்கு வாரம் 36 மணி நேர ஓய்வு போதாது, 48 வேண்டும். இரவுப் பணியில் தரையிறக்குவது ஆறு தடவையிலிருந்து இரண்டாகக் குறைய வேண்டும் என்று 2024 ஜனவரியில் விதி வந்தது. முழுதாக அமலானது 2025 நவம்பர் 1-இல். ஆள் சேர்க்க இண்டிகோ விமான நிறுவனத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு வருடம். பெரிய நிறுவனம், அவசரப்படுமா?

விமானிகள் போதாமல், டிசம்பர் 5 அன்று அதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. விமானிக்குச் சேர வேண்டிய ஓய்வு, விமான நிலையத் தரையில் படுத்த பயணிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதல்லவா சமத்துவம்!

அன்றே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அருள்பாலித்தது. விமானியின் சொந்த விடுப்பையே வார ஓய்வாகக் கழித்துக்கொள்ளலாம். இண்டிகோவுக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரை இரவு விதிகளிலிருந்து விலக்கு. ஆள் குறைந்தால் ஆளையா கூட்டுவது? தூக்கத்தைக் குறைத்தால் போதுமே!

எங்கள் ஊர் அணைக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் எட்டவில்லை. அணையின் உச்ச அளவு 48 அடி. மழை வலுத்தால், பாவம், மதகைத் திறக்கிறார்கள். அளவுகோலில் 48-ஐ அழித்து 60 என்று எழுதினால் வெள்ள அபாயம் ஏது?

திருவனந்தபுரம் போய் விமானம் ஏறும் நாஞ்சில் நாட்டு அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேலே போனதும் சத்தம் போடாதீர்கள். விமானி விழித்துக்கொள்ளப் போகிறார்.